விளிம்பு தெரியாமல் ஓடும் பூ வடிவம்: மலையகத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

வீட்டில் இருக்கும் சீத்தைத் துணி ஒன்றைத் தரையில் விரித்து வையுங்கள். பழைய கவுனோ யன்னல் சீலையோ, எதுவானாலும் சரி. அதில் ஒரு பூவைக் குறிவைத்து, அதே பூ அதே சாய்வில், அதே இலையோடு மறுபடி எங்கே வருகிறது என்று தேடுங்கள். பக்கவாட்டில் ஒன்று கிடைக்கும், மேல்கீழாக ஒன்று கிடைக்கும். இரண்டு தூரத்தையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த அளவுள்ள ஒரே ஒரு கட்டத்தைத்தான் யாரோ வரைந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அதே கட்டம் திரும்பத் திரும்ப வருவதுதான்.

துணிக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவம் வரையும் வேலைக்கு நுண்கலைப் பட்டம் தேவையில்லை. ஆனால் தானாகக் கற்பவர்களில் பலர் பூவை அழகாக வரைவதிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். பூ சுமாராக இருந்தாலும் துணி விற்கும். கட்டத்தின் விளிம்பு அடுத்த கட்டத்தோடு பொருந்தாவிட்டால் அச்சுக்கே போகாது. அதனால் விளிம்பில் தொடங்குவோம்.

1. என்ன வரைவது

இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே எல்லாத் தேயிலைப் பக்கெட்டிலும் இருக்கிறது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடியில் பூக்கும் தேயிலைப் பூவைப் பாருங்கள்: வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தம். தேயிலை மலைக்குப் போய் வருபவர்களுக்குத் தெரிந்த பூ, துணியில் அதிகம் வராத பூ. கானோரத்துப் பன்னம், மரப்பட்டையில் படியும் பாசி, நுவரெலியா லீக்ஸ் பாத்தி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பு எல்லாமே நல்ல பொருள்கள். ஒன்றை எடுத்துப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று அளவில் வரைந்து பழகுங்கள்.

2. கட்டம்

தடித்த வெள்ளைக் கடதாசியில் 16 சென்டிமீற்றர் சதுரம் ஒன்று வெட்டுங்கள். ஏன் 16? ஆலைகளில் சுழல் உருளையால் அச்சிடும்போது உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீற்றர். கட்டத்தின் உயரம் 64ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 16 நான்கு முறை போகும், A4 தாளிலும் அடங்கும்.

3. வெட்டி மாற்றுதல்

இதுதான் முழு வித்தை. இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

சதுரத்தின் நடுவில் மட்டும் வரையுங்கள், எந்த ஓரத்தையும் தொடாமல். அப்புறம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வரைந்த பூவின் குறுக்காகவே மேலிருந்து கீழாக வெட்டுங்கள். இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் வைத்து, பின்புறம் செலோடேப் ஒட்டுங்கள். இப்போது அரைப் பூக்கள் இரு ஓரங்களிலும் நிற்கும், நடு வெறுமையாக இருக்கும். அங்கே அடுத்ததை வரையுங்கள், இந்த முறையும் ஓரத்தைத் தொடாமல். அடுத்து இடமிருந்து வலமாக வெட்டி, மேல்பாதியைக் கீழேயும் கீழ்ப்பாதியை மேலேயும் மாற்றி ஒட்டுங்கள். மிஞ்சும் வெற்றிடத்தைச் சின்ன இலை, மொட்டு, புள்ளிகளால் நிரப்புங்கள்.

புதிய வெளி ஓரங்கள் இரண்டும் ஒரே வெட்டில் பிறந்தவை. அதனால் எத்தனை பிரதி பக்கத்தில் வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். வெட்டு வளைந்து போனாலும் பரவாயில்லை. எந்தச் சுற்றிலாவது ஓரத்தைத் தாண்டி வரைந்தால் மட்டும் எல்லாம் போச்சு.

4. தூரத்திலிருந்து பார்த்தல்

கட்டத்தை ஒன்பது போட்டோகொப்பி எடுத்து, மூன்றுக்கு மூன்றாகச் சுவரில் ஒட்டிவிட்டு, இஸ்தோப்பில் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளை இடைவெளிகள் சேர்ந்து ஆறு மாதிரி ஓடினால் அங்கே ஒரு இலை போதவில்லை. ஒரு பூ மட்டும் வரிசையாகக் கண்ணைக் குத்தினால் அதைச் சிறிதாக்குங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் இவை தெரியவே தெரியாது.

அடுத்த நெடுவரிசையைப் பாதி உயரம், அதாவது 8 சென்டிமீற்றர், கீழே இறக்கி ஒட்டுவது அரை இறக்க முறை. கட்டம் கட்டமாகத் தெரிவது இதில் மறைந்துவிடும். ஆனால் இட வல ஓரங்களைக் கடக்கும் பூக்கள் இதில் உடைந்துபோகும். எனவே இதற்கென்று புதிய கட்டம் போட்டு, நிலைக்குத்து வெட்டை விட்டுவிட்டு, கிடை வெட்டை மட்டும் செய்யுங்கள்.

5. கணினி

300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, ஸ்கேன் செய்தால் 16 சென்டிமீற்றருக்கு ஏறத்தாழ 1890 பிக்சல் வரும். இலவச மென்பொருளே போதும். ஜிம்பில் ஓஃப்செட் கட்டளை இதே வெட்டி மாற்றும் வேலையைச் செய்யும். கிரிதாவில் W விசையை அழுத்தினால் நீங்கள் வரைய வரைய வடிவம் சுற்றிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நிறம் நான்கு ஐந்தோடு நிற்கட்டும். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை, தனிச் செலவு.

6. தொழிலாக்குதல்

ஒற்றை வடிவத்தை யாரும் தேடி வந்து வாங்குவதில்லை. தேயிலைப் பூ பெரிதாக ஒன்று, பன்னம் நடுத்தரமாக ஒன்று, தூர நின்றால் வெறும் நிறமாகத் தெரியும் பொடி வடிவம் ஒன்றிரண்டு, எல்லாம் ஒரே நிறக் குடும்பத்தில் என்று தொகுப்பாகக் காட்டுங்கள். துணி மட்டும்தான் என்றும் இல்லை. மாத்தளை அலுவிகாரையில் பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) பட்டறை நடத்திய எனா டி சில்வாவின் பத்திக், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரையையே அலங்கரித்தது. உங்களுக்கு எல்ல பக்கத்து விருந்தினர் விடுதியின் குஷன் உறையோ, அட்டனில் ஒரு பேக்கரியின் கேக் பெட்டியோ முதல் வேலையாக அமையலாம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. சாதாரண ஓவியத்துக்கு அது உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் நிற்கும்; துணி போன்ற பாவனைப் பொருளுக்கான கலை வேலைக்கு உருவாக்கியதிலிருந்து 25 வருடம்தான். பதிவு தேவையில்லை. ஆகவே "டிசைனை வாங்குகிறேன்" என்று யாராவது சொன்னால், முழு உரிமையையா அல்லது இந்தப் பொருளில் இத்தனை வருடம் பாவிக்கும் உரிமையையா என்று கேளுங்கள். முதலாவதற்கு விலை பல மடங்கு கூட இருக்க வேண்டும். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிய பிறகே பெரிய படக் கோப்பினை அனுப்புங்கள். அதுவரை சிறிய, தெளிவு குறைந்த படம் போதும்.