பனி பெய்யாத ஊரில் பனிக்காலப் பாடம்: வீட்டுக்கல்வியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு டிசம்பர் திட்டம்

வீட்டுக்கல்விக் குறிப்புகள் என்று தேடினால் கிடைப்பதில் பாதி, பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியவை. பிள்ளைகள் முற்றத்தில் பனிமனிதன் செய்கிறார்கள், சறுக்கி விளையாடிவிட்டு உள்ளே வந்து கணப்பின் அருகே கணக்குப் போடுகிறார்கள். சிங்கப்பூரின் ஈசூனிலோ செங்காங்கிலோ நான்கறை வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நம் பெற்றோர், ஒன்று அந்தப் பாடத்தையே தள்ளிவிடுகிறார்கள்; அல்லது அட்டையில் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் என்று பெயர் சூட்டி முடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. டிசம்பரில் நம் ஜன்னலுக்கு வெளியே விடாமல் பெய்கிறதே மழை, அது வடக்கே நடக்கும் குளிர்காலத்தின் வால்தான். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே சைபீரியா வரை போய்வரலாம்.

ஏழு முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சின்னவர்கள் கூட இருந்தால் ஐஸ் நொறுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்; மறுக்கவே மாட்டார்கள்.

தொடங்குமுன்: சட்டம் இரண்டு வரியில்

கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி வயதுள்ள சிங்கப்பூர்க் குடிமக்களை வீட்டில் கற்பிக்க, கல்வி அமைச்சிடம் முன்கூட்டியே விலக்குப் பெற வேண்டும். பிறகு பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை அந்தப் பிள்ளைகளும் எழுத வேண்டும். தேர்வு எழுதிய 100 பேரை மதிப்பெண்படி கீழிருந்து மேலாக நிறுத்தினால், 33ஆவது ஆள் நிற்கும் இடத்துக்குக் கீழே போகக் கூடாது. எனவே வெறும் விளையாட்டாக ஒரு மாதத்தை ஓட்ட முடியாது. காலையில் இரண்டு மணி நேரம் வழக்கமான கணிதமும் மொழியும். கீழே சொல்லும் வேலைகளெல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மட்டும் மழை எவ்வளவு சுகமாக இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும் சமையல் வெப்பமானி ஒன்று, தேக்கா கடைகளில் கிடைக்கும் கல் உப்பு ஒரு பொட்டலம், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், ஒரு உலக வரைபடம். எவர்சில்வர் டம்ளர் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

படி 1: சுவரில் வரைபடம், பக்கத்தில் நான்கு ஊர்கள்

வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, நான்கு ஊர்களைக் குறியுங்கள்: ரஷ்யாவின் யாகுட்ஸ்க், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின், ஹாங்காங், சிங்கப்பூர். தினமும் காலையில் பிள்ளை இந்த நான்கு ஊர்களின் வெப்பநிலையையும் கைப்பேசியில் பார்த்து அட்டவணையில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை.

முதல் நாளே கேள்வி வந்துவிடும். ஹார்பினில் ஜனவரி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையை ஒட்டி இருக்கும். யாகுட்ஸ்க் அதைவிட இரண்டு மடங்கு கீழே போகும். "பூஜ்யத்துக்குக் கீழே எப்படிம்மா எண் இருக்கும்?" குறை எண்கள் இங்கே பள்ளியில் உயர்நிலை 1இல்தான் வருகின்றன. ஆனால் கடைத்தொகுதியின் மின்தூக்கியில் பி1, பி2 பொத்தானை அழுத்திப் பழகிய பிள்ளைக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தரைத்தளத்தைப் பூஜ்யம் என்று வைத்து ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். ஹார்பின் 18 மாடி கீழே, சிங்கப்பூர் 27 மாடி மேலே. நடுவில் எத்தனை மாடி? 45 என்ற விடை தானே வரும்.

இப்போது காற்று. குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியாப் பக்கம் நிலம் கடுமையாகக் குளிர்ந்து, அதன்மேல் கனமான குளிர்காற்று தேங்குகிறது. அது அவ்வப்போது தெற்கே பாய்ந்து தென்சீனக் கடலைக் கடக்கிறது. கடல் வெதுவெதுப்பானது, வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் மழையாகக் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையின் நடுவே நாள்கணக்கில் விடாமல் பெய்யும் அடைமழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வரைபடத்தில் நூலை ஊசியால் குத்தி அந்தப் பாதையைக் காட்டுங்கள். ஹாங்காங்கில் திடீரெனக் குளிர் கூடினால், அடுத்த சில நாட்களில் இங்கே மழை வலுக்கிறதா என்று அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் பொருந்தாது. பொருந்தாத நாளில்தான் பேச்சு சுவையாக இருக்கும்.

நம் ஊரின் குளிர்ச் சாதனையும் அட்டவணையின் மேல் இருக்கட்டும்: 1989 பிப்ரவரி 14, பாய லேபாரில் 19.0 பாகை செல்சியஸ். அதை நினைத்தே போர்த்திக்கொள்ளும் பாட்டிமார் நம் குடும்பங்களில் உண்டு.

படி 2: மழையை அளந்து பனியாக்குவது

ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக அதன்மேலேயே புனல்போலக் கவிழ்த்து வைத்தால் மழைமானி தயார். போத்தலின் அடி வளைந்திருக்கும். வளைவு முடியும் இடம்வரை கூழாங்கல்லும் நீரும் நிரப்பி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள்.

எங்கே வைப்பது? தாழ்வாரக் கைப்பிடிச் சுவரிலோ ஜன்னல் விளிம்பிலோ வைக்கவே வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து, சட்டப்படியும் குற்றம். அனுமதி கேட்டுச் சமூகத் தோட்டத்தில் ஒரு மூலையில் வைக்கலாம். தரைவீட்டு நண்பர்கள் இருந்தால் அவர்கள் முற்றத்தில் வைக்கலாம். கூழாங்கல் நீர் உட்பட தினமும் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுங்கள். கொசு முட்டையிட இந்தப் போத்தலைவிட வசதியான வீடு அதற்குக் கிடைக்காது.

அளந்த எண்ணை வைத்து ஒரு கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை நீர், பனியாக விழுந்தால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். பனித்துகள்களுக்கு நடுவே அவ்வளவு காற்று. சிங்கப்பூரில் டிசம்பர் மாதச் சராசரி மழை 300 மில்லிமீட்டரைத் தாண்டும். அத்தனையும் பனியாகக் கொட்டி உருகாமல் கிடந்தால் 3 மீட்டருக்கு மேல்! நம் வீட்டுக் கூரையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அறை போதாது. பிள்ளைகள் இந்தக் கணக்கை மறக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கிறது. இடிமேகங்கள் அதையும் தாண்டி உயர்வதால், அவற்றின் உச்சியில் பனிக்கட்டித் துகள்கள் உண்டு. அவை விழும் வழியில் உருகி மழையாக வந்து சேருகின்றன. அதாவது பனி நமக்கும் பெய்கிறது. தரைவரை வருவதில்லை, அவ்வளவுதான்.

படி 3: டம்ளரில் உறைபனி

இந்தத் திட்டத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி, குழவியாலோ மாவுக் கட்டையாலோ நொறுக்கி, எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு நிரப்புங்கள். வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஐஸில் மூன்றில் ஒரு பங்கு கல் உப்பைப் போட்டு, மரக் கரண்டியால் கிளறுங்கள். ஐஸ் உருகத் தொடங்கும், ஆனால் வெப்பநிலை ஏறாது, கீழே இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து வரை எளிதாகப் போகும். உப்பும் ஐஸும் சரியான அளவில் நன்றாகக் கலந்தால் எட்டக்கூடிய அடி எல்லை ஏறத்தாழ 21 பாகை கீழே.

உருகினால் ஏன் குளிர்கிறது என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஐஸ் உருக வெப்பம் வேண்டும். சாதாரணமாக 0 பாகையில் உருகும் ஐஸை, உப்பு அதைவிடக் கீழேயே உருக வைக்கிறது. வேண்டிய வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் டம்ளரிடமிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது.

இப்போது டம்ளரின் வெளிப்புறத்தைக் கவனியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் முதலில் நீர்த்துளிகள் படியும். பிறகு அவை அப்படியே கெட்டியாகிக் கண்ணாடிமணிபோல் நிற்கும். அது உறைந்த நீர், உறைபனி அல்ல. உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். டம்ளர் போதிய அளவு குளிர்ந்திருந்தால், அடிப்பாகத்திலிருந்து மாவு தூவியதுபோல் வெண்மை ஏறும். நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். காற்றிலிருந்த நீராவி, நீராகாமலே நேராகப் பனிக்கட்டியாகிவிட்டது. மேகத்துக்குள் பனித்துகள் வளர்வதும் இப்படித்தான். ஊட்டியில் தலைக்குந்தாப் பக்கம் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெளுத்துக் கிடப்பதும் இதனால்தான்; அங்கே உறவினர் இருந்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

டம்ளரை வைக்கும்போதே அடியில் ஒரு சிறு தட்டில் சில சொட்டு நீர் விட்டு, அதன்மேல் வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைத் தூக்கினால் தட்டும் கூடவே எழும்பும்.

ஒரு எச்சரிக்கை: உப்புக் கலந்த ஐஸைக் கையில் பிடித்து வைத்திருக்க விடாதீர்கள். தீச்சுட்டதுபோல் தோல் புண்ணாகிவிடும். கரண்டியும் துணியும் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

படி 4: மிச்ச உப்பில் மைலோ ஐஸ்கிரீம்

சிறிய ஜிப் பையில் 200 மில்லி பால், இரண்டு மேசைக்கரண்டி மைலோ, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பைக்குள் போட்டு அதையும் மூடுங்கள். ஒரு பை போதும் என்று நினைத்தால் உப்புக்கரிக்கும் மைலோதான் கிடைக்கும். பெரிய பையில் ஐஸும் அரைக் கோப்பை உப்பும் போட்டு, சின்னப் பையை நடுவில் வைத்து, துண்டில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் குலுக்குங்கள். திறக்குமுன் சின்னப் பையைக் குழாய் நீரில் கழுவிவிடுங்கள். கடை ஐஸ்கிரீம் அளவுக்கு வராது. ஆனாலும் தட்டு காலியாகும்.

படி 5: ஆறு முனை, காகிதத்திலும் கோலத்திலும்

கடைகளில் டிசம்பரில் தொங்கும் பனித்துகள் அலங்காரங்களைப் பார்த்தால், எட்டு முனை வைத்தவை எத்தனையோ இருக்கும். பிள்ளைகளோடு போனால் எண்ணச் சொல்லுங்கள். எட்டு முனைத் துகள் இயற்கையில் கிடையாது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்கின்றன; படிகம் வளரும்போதும் அந்த ஆறு விடுவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பென்ட்லி பள்ளிக்குப் போனதைவிட வீட்டில் தாயிடம் படித்ததே அதிகம் என்பதை நம் பிள்ளைகளிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். ஜப்பானின் உகிசிரோ நகாயா, 1936இல் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முயல் முடியின் நுனியில் முதல் செயற்கைப் பனித்துகளை வளர்த்தார்.

காகிதத்தில் வெட்ட: சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியை மையமாக வைத்து, வலது மூன்றிலொரு பங்கை இடப்பக்கம் மடியுங்கள். இடது மூன்றிலொரு பங்கை அதன்மேல் மடியுங்கள். இரண்டு ஓரமும் சரியாகப் பொருந்தினால் கோணம் 60 பாகை. மறுபடி நடுவில் மடித்தால் 30. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரே வெட்டில் நறுக்கிவிட்டு, ஓரங்களில் விருப்பம்போல் வெட்டுங்கள். பிரித்தால் ஆறு முனை.

காகிதத்தைவிட எனக்குப் பிடித்தது கோலம். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடுமே. இடுக்குப் புள்ளி வையுங்கள்: 7 புள்ளியில் தொடங்கி 4இல் முடிவது. நடுவரிசையில் 7, அதன் மேலும் கீழும் இடுக்குகளில் 6, பிறகு 5, பிறகு 4. மொத்தம் 37 புள்ளி, வெளி உருவம் அறுகோணம். ஓரத்தில் இல்லாத எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றிலும் சம தூரத்தில் ஆறு புள்ளிகள் இருக்கும். பனிக்கட்டி வளரும் ஆறு திசைகளும் இதே கோணத்தில்தான். நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைகளுக்கும் கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் மையத்திலிருந்து இரண்டாவதாக வரும் புள்ளியில் நின்று, இரு பக்கமும் ஓரப் புள்ளிக்குக் கிளை விடுங்கள். பனித்துகள் வந்துவிட்டது. அரிசிமாவில் போட்டால் சாரலில் கரையும், எறும்பும் வரும். வாசலுக்கு உள்பக்கம் சுண்ணக்கட்டியால் போடுவதே வசதி. பாட்டி வீட்டில் இருந்தால் புள்ளி வைக்கும் வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பேச்சுப் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைப்பது அரிது.

படி 6: வெளியே போவது

உணவங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் வாங்கி, சாயப்பாகு ஊற்றுமுன் ஒரு நொடி பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் கட்டி கண்ணாடிபோல் இருக்கிறது, சீவினால் வெள்ளை. நுண்ணிய துகள்களின் எண்ணற்ற முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதே காரணம். பனிப்பொழிவு வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். சில கடைத்தொகுதிகள் கிறிஸ்மஸ் சமயத்தில் தூவும் பனி வெறும் சோப்பு நுரை. போய் ஆடிவிட்டு வரட்டும், பாடம் எதுவும் நடத்த வேண்டாம்.

ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்துக்கு மட்டும் டிசம்பரில் போகாதீர்கள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் ஒரு காட்சிப்பொருளையும் தொட முடியாது. ஜனவரியில் பள்ளிகள் திறந்த பிறகு, ஒரு வாரநாள் காலையில், உங்கள் வெப்பநிலை அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போங்கள். யாகுட்ஸ்கின் எண் அப்போதுதான் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்.