உள்பூச்சுக்கு எவ்வளவு ஆகும்? ரேட்டைக் கேட்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். பூச்சு முடிந்த பிறகுதான் தெரிந்தது, செலவை ஏற்றியது ரேட் இல்லை, கோணலாக எழும்பியிருந்த செங்கல் சுவர்.

எங்கள் ஹாலில் ஒரு சுவர் மேலே பீம் பக்கம் போகப்போக ஒரு அங்குலம் உள்வாங்கியிருந்தது. கொத்தனார் அதைக் கலவையாலேயே நிரப்பி நேராக்கிவிட்டார், அதுவும் ஒரே கோட்டில், அதாவது ஒரே தடவைப் பூச்சில். இரண்டு மாதம் கழித்து விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று காலிச் சத்தம், பூச்சு சுவரைப் பிடிக்கவே இல்லை. உடைத்து மறுபடி பூசினோம். அதனால் பூச்சு தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், புள்ளி (பூச்சு எந்த மட்டத்துக்கு வர வேண்டும் என்று சுவரில் முதலில் வைக்கும் கலவைத் திட்டு) வைத்ததும் எந்த இடத்தில் எவ்வளவு கனம் வருகிறது என்று டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர் போதும், ஒன்பது அங்குலச் சுவரின் மேடு பள்ளமான பக்கத்துக்கு 15 வரை வரலாம். 15-ஐத் தாண்டினால் இரண்டு கோட்டாகத்தான் பூச வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 10-க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழிப்பதில்தான் தகராறு வரும். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1200-இன்படி சுமார் 5 முதல் 32 சதுர அடி வரையுள்ள திறப்புகளுக்கு, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பார்கள், திறப்பைச் சுற்றியுள்ள ஓரப் பூச்சுக்குத் தனிக் காசு கிடையாது. ஆகவே இந்த அறைக்கு ஏறக்குறைய 420 என்று வையுங்கள். சீலிங் 120, அது தனி.

1:5 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) 12 மில்லிமீட்டர் கனத்துக்கு, 100 சதுர அடிக்குச் சேதாரத்தோடு ஒரு மூட்டை சிமெண்ட், 6 கன அடி பி-சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) ஆகும். மூட்டை 400, மணல் கன அடி 70, கூலி சதுர அடிக்கு 25 என்று வைத்துக்கொண்டால் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்) சதுர அடிக்கு 33 ரூபாய் சொச்சம், அறைக்கு 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதே சுவர் 20 மில்லிமீட்டர் கேட்டால் பொருளுக்கு மட்டும் ஏறக்குறைய 2,300 ரூபாய் கூடுகிறது, இரண்டாம் கோட்டுக்கான கூலி வேறு. ஒரு அறைக்கே இப்படி!

ரேட் பேசும்போது சாரம், பூச்சு பிடிக்க சீலிங்கைக் கொத்துவது, கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடிப்பது, வயரிங்குக்காகச் சுவரில் வெட்டிய காடியை அடைப்பது, இதெல்லாம் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

வழுவழுப்பு வேண்டும் என்று சிமெண்ட் பால் தேய்த்து பளபளவென்று முடிக்கச் சொல்லாதீர்கள். பெயிண்டுக்கு முன் பட்டி (சுவரை வழுவழுப்பாக்கும் மெல்லிய மாவுப் பூச்சு) பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பாஞ்ச் போட்டு முடித்தால்தான் பட்டி பிடிக்கும். பட்டி இரண்டு கோட் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பள்ளத்தை அதால் நிரப்பினால் பின்னால் உரிந்து வரும். ஏழு நாள் தண்ணீர் அடியுங்கள், அப்புறம் நன்றாகக் காயவிட்டுத்தான் பட்டி. சிமெண்டுக்குப் பதில் ஜிப்சம் பூச்சு என்றால் தண்ணீர் அடிக்க வேண்டாம், பட்டிச் செலவும் குறையும், ஆனால் குளியலறைக்கும் ஈரம் ஏறும் சுவருக்கும் அது ஆகாது.

பூச்சு முடிந்த அன்று இரவு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத அலைகள் எல்லாம் நிழலாகத் தெரியும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டி, சாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.