இது ஆல்-இன்-ஒன் தானா? கடையிலேயே கண்டுபிடிக்கலாம்

புதுச்சேரி நேரு வீதியோ கடலூர் லாரன்ஸ் சாலையோ, கம்ப்யூட்டர் கடையில் “ஆல்-இன்-ஒன் காட்டுங்க” என்று கேட்டால், மானிட்டர், சிபியு, கீபோர்டு, மவுஸ் சேர்ந்த செட்டை எடுத்து வைப்பவர்களும் உண்டு. “எல்லாமே ஒரே விலைல வருது சார்!” அது வெறும் செட். ஆல்-இன்-ஒன் என்றால் கம்ப்யூட்டரின் உள்பாகங்களான மதர்போர்டு, பிராசசர், ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) எல்லாம் திரையோடு ஒரே உடம்பாக இருக்க வேண்டும். கீபோர்டும் மவுஸும் தனியாக இருக்கலாம்.

படி 1: பின்பக்கம் பாருங்கள்
சாதாரண டெஸ்க்டாப்பில் மானிட்டருக்கு ஒரு கரண்ட் ஒயர், சிபியுவிலிருந்து படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் ஒரு ஹெச்டிஎம்ஐ அல்லது விஜிஏ ஒயர். ஆல்-இன்-ஒன்னில் கரண்ட் ஒயர் மட்டும். நடுவில் லேப்டாப் மாதிரி அடாப்டர் இருந்தாலும் பரவாயில்லை.

படி 2: பிரிக்க முடிகிறதா?
குழப்பமே இங்கேதான். மானிட்டரின் முதுகில் மினி பிசியை (சின்னப் பெட்டி அளவு கம்ப்யூட்டர்) ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஸ்க்ரூவைக் கழற்றினால் மானிட்டர் தனி, பிசி தனி. என் கணக்கில் இது ஆல்-இன்-ஒன் இல்லை. ஆனால் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பதால், வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்காக எல்லாம் திரைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2002-இல் ஆப்பிள் விட்ட ஐமேக்கில் கம்ப்யூட்டர் முழுக்க கீழே அரைக்கோள வடிவப் பீடத்துக்குள். திரை ஒரு கம்பியின் நுனியில். அதுவும் ஆல்-இன்-ஒன்தான், பிரித்து வேறு திரையை மாட்ட முடியாதே. 2004 மாடலில்தான் எல்லாம் திரைக்குப் பின்னால் போனது.

படி 3: பேட்டரி உண்டா?
பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்பிலிருந்து இது மாறுபடுவது முக்கியமாக இங்கேதான். அதனால், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதுவும் ஃபைலைச் சேமித்து ஷட் டவுன் செய்யும் நேரத்துக்குத்தான். 2011 தானே புயல் மாதிரி வந்து நாள்கணக்கில் கரண்ட் போனால் யுபிஎஸ் என்ன செய்யும்!

படி 4: ரேம்
விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. ஃபார்ம் ஃபேக்டர் எதிரே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, பின்னால் மாற்ற முடியாது. 2021-இல் வந்த 24 அங்குல ஐமேக்கிலும் அப்படித்தான். வாங்கும்போதே கூடுதல் ரேமோடு வாங்க வேண்டும்.

படி 5: ஹெச்டிஎம்ஐ
பல மாடல்களில் இருப்பது ‘அவுட்’ (படத்தை வேறு திரைக்கு அனுப்புவது) மட்டும். ‘இன்’ (வேறு கம்ப்யூட்டரின் படத்தை இந்தத் திரைக்கு வாங்குவது) உண்டா என்று கேளுங்கள். இருந்தால், நாளைக்கு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழசாகி மெதுவானாலும் திரையை உங்கள் லேப்டாப்புக்கு மானிட்டராக்கிக்கொள்ளலாம்.