பழைய மர ஜன்னலை மாற்ற எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்குப் போடுங்கள்

ஜன்னல் மாற்ற வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி இறங்கினால் கையைக் கடிக்கும். எங்கள் வீட்டில் கொட்டேஷனில் கிரில் சேரவில்லை என்பது, நிலையை (சுவரில் பதித்த மரச் சட்டத்தை) பெயர்த்த பிறகுதான் தெரிந்தது. கிரில் வரும்வரை ஜன்னல் இருந்த ஓட்டையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தூங்கினோம். அந்தக் கதி உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் நிலையைக் குத்திப் பாருங்கள்

செலவைத் தீர்மானிப்பது கண்ணாடியோ யுபிவிசியோ (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) அல்ல, நிலையைப் பெயர்க்க வேண்டுமா என்பதுதான். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நிலையின் கீழ்க்கட்டையில், குறிப்பாக இரண்டு மூலைகளிலும், அழுத்துங்கள். மழைத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். முனை இறங்காமல் 'டக்'கென்று நின்றால் மரம் நன்றாக இருக்கிறது. நிலையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவுகளை மட்டும் மாற்றினால் போதும். செலவு பெரிதும் குறையும். முனை புதைந்தாலோ, தட்டும்போது உள்ளே கூடாகச் சத்தம் கேட்டாலோ, கறையான் மண் தெரிந்தாலோ நிலையை எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்தால் கம்பியும் போகும். பழைய ஜன்னல்களில் கம்பிகள் நிலைக்குள்ளேயே கோத்திருக்கும். யுபிவிசி, அலுமினியக் கொட்டேஷன்களில் பெரும்பாலும் கிரில் தனிக் கணக்கு.

2. அளவு எடுப்பது

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதை எழுதிக்கொள்ளுங்கள். உயரத்துக்கும் அப்படியே. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஓட்டை கோணலாக இருக்கிறது, பூச்சு வேலை கூடும்.

3. சதுர அடியாக்குவது

உதாரணமாக 1198 × 1210 மி.மீ. வருகிறது என்போம். 25.4-ஆல் வகுத்தால் 47.2 × 47.6 அங்குலம். இரண்டையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 15.6 சதுர அடி.

ஆனால் பில்லில் 16 என்று வரலாம். அளவை அடுத்த 3 அங்குல மடங்குக்கு ஏற்றிக் கணக்கிடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அகலம் 1225 மி.மீ. ஆக இருந்தால் அது 48.2 அங்குலம், அதை 51 என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் 16 சதுர அடிகூட இல்லாத ஜன்னலுக்கு 17-க்குப் பணம் கட்டுவீர்கள். "உள்ளபடி அளவா, ஏற்றிய அளவா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொசுவலை வேண்டுமென்றால் அதற்கும் ஒரு டிராக் (கதவு நகரும் தடம்) தேவை, விலை மாறும்.

4. கிரிலின் எடை

வெல்டிங் பட்டறையில் கிரிலுக்குக் கிலோ கணக்கில் விலை கேளுங்கள். எடையை நீங்களே சரிபார்க்கலாம். 12 மி.மீ. சதுரக் கம்பி ஒரு மீட்டர் 1.13 கிலோ. 4 × 4 அடி ஜன்னலுக்கு 4 அங்குல இடைவெளியில் 11 கம்பிகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர்: சுமார் 15 கிலோ. குறுக்கே மூன்று பட்டைகள் (25 × 5 மி.மீ.) சேர்த்தால் பதினெட்டரை கிலோ.

5. மொத்தக் கணக்கு

4 × 4 அடியில் நான்கு ஜன்னல், சமையலறைக்கு 4 × 3 அடியில் ஒன்று: மொத்தம் 76 சதுர அடி. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- ஜன்னல், சதுர அடி 650 ரூபாய்: 49,400
- ஜிஎஸ்டி 18%: 8,892
- கிரில் 88 கிலோ, கிலோ 130: 11,440
- கொத்தனார் 1,200, சித்தாள் 900, மூன்று நாள்: 6,300
- சிமெண்ட், மணல்: 2,000
- அடியில் கிரானைட், 20 அடி, அடிக்கு 200: 4,000
- பட்டி, பெயிண்ட்: 6,000

கூட்டினால் 88,032. நிலையைப் பெயர்க்கும்போது எவ்வளவு சுவர் உதிரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் 10% தனியாக வைக்கிறேன். கிட்டத்தட்ட 97,000. "650 ரூபாய்தான்" என்று சொன்ன ஜன்னல் இதில் பாதிதான், பார்த்தீர்களா? பெயர்த்தது தேக்கு என்றால் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். நல்ல பாகங்களைப் பழைய மரக் கடையில் விலை கேட்டு, வரும் பணத்தை இதில் கழியுங்கள்.

6. எழுதி வாங்க வேண்டியவை

மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள். கண்ணாடி எத்தனை மி.மீ., எத்தனை டிராக், சட்டத்துக்குள் இரும்பு வைக்கிறார்களா, பழைய நிலையைப் பெயர்ப்பதும் குப்பையை அள்ளுவதும் யார் பொறுப்பு, கிரில், வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுக்கிற குறைந்த விலையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பொருத்தி, ஓரத்தை அடைக்கும் சிலிக்கோன் பசை நன்றாகக் காய்ந்த பிறகு, வெளிப்பக்கமாக நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் டிராக்கின் ஓட்டைகள் வழியே வெளியே வடிய வேண்டும், கிரானைட்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்சுவரைக் கையால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் பணத்தைக் கொடுங்கள்.