வங்கதேசத்துக்கு முதுகுப்பையோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்காசியாவில் ஊர் சுற்றப் புறப்படுகிறவர்கள் நேபாளம், இலங்கை, பூட்டான் என்று யோசிப்பார்கள். வங்கதேசம் பலருக்கு நினைவுக்கே வராது. துணிந்து போகிறவர்களும் வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். சின்ன நாடு, 150 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைப்பார்கள். டாக்காவின் நெரிசலைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொழுது போய்விடும். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று திட்டம் போடாதீர்கள். ஈத் பண்டிகையை ஒட்டிய நாட்களில் பயணமே வைத்துக்கொள்ளாதீர்கள். தலைநகரமே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயில் கூரையிலும் ஆட்கள் இருப்பார்கள்.

2022 ஜூனில் பத்மா ஆற்றின் மேல் பாலம் திறந்த பிறகு, தெற்கே பரிசால் நகரத்துக்குப் பஸ்ஸில் விரைவாகப் போய்விடலாம். நேரம் மிச்சம் என்று எல்லோரும் அதையே பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் பெரிய இழப்பு இதுதான். ஆறுகளால் ஆன நாட்டை ஆற்றிலிருந்து பார்க்காமல் திரும்பலாமா? டாக்காவின் சதர்காட் துறைக்குப் பொழுது சாயும் முன்பே போய்விடுங்கள். புரிகங்கா ஆற்றில் அடுக்கு மாடிக் கட்டடங்கள் போல லாஞ்சுகள், அதாவது பயணிகள் கப்பல்கள், நெருக்கியடித்து நிற்கும். அவற்றின் இடுக்கில் துடுப்புப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய் வரும். லாஞ்சின் கீழ்த்தளத்தில் குடும்பங்கள் விரிப்பு விரித்து, சாப்பாட்டைப் பிரித்து வைத்திருக்கும். இரவில் கிளம்பினால் விடியும் வேளையில் பரிசால் வந்துவிடும். கேபின் எடுத்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். கூட்டம் அளவு மீறினால் மட்டும் ஏறாதீர்கள். சித்திரை, வைகாசியில் திடீரென்று அடிக்கும் கால்பைசாகி புயல்காற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் மாதம் பார்க்காமல் போய் ஏமாறுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் காட்டை மூடிவிடுவார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவதே நல்லது. சிட்டகாங் மலைப்பகுதிக்கு, அதாவது பந்தர்பன், ரங்காமாட்டி பக்கம் போக வெளிநாட்டவருக்கு முன் அனுமதி வேண்டும். சோதனைச் சாவடியில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். அந்தச் சேவை 2024 ஜூலையில் நின்றுபோனது. விசா, எல்லைக் கடப்பு இரண்டையும் கிளம்பும் முன் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். எண்கள் தெரியாவிட்டால் சிரமம். பஸ்ஸிலும் ரயில் பெட்டியிலும் பெரும்பாலும் வங்காள எண்களையே எழுதியிருப்பார்கள். அவர்களுடைய நான்கு அப்படியே நம் 8 போல இருக்கும். ஏழு நம் 9 போல இருக்கும். எட்டாம் இருக்கை என்று நம்பி நான்காம் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவோம். ஒரு மாலை உட்கார்ந்து பத்து எண்களையும் படித்துவிடுங்கள்.

தேநீர்க் கடையில் போய் அமர்ந்தால் பத்துப் பேர் சூழ்ந்து நின்று உற்றுப் பார்ப்பார்கள். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இதற்கு மிரண்டு எழுந்து போகாதீர்கள். வெளியூர்க்காரரை அடிக்கடி பார்க்காத மக்களின் அன்பு அது. பெரும்பாலும் உங்கள் தேநீருக்கு அவர்களே காசு கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, தண்ணீர். கிராமத்துக் கைப்பம்புத் தண்ணீர் தெளிவாக, சில்லென்று வரும். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைப்பது தவறு. கிருமி செத்துவிடும், ஆர்செனிக் போகாது. 1990களில் இந்த நஞ்சு தெரியவந்த பிறகு லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். பல இடங்களில் அந்தச் சாயம் மங்கிவிட்டது. பிறகு போட்ட கிணறுகள் பலவற்றைச் சோதிக்கவே இல்லை. நிறம் தெரியவில்லை என்றால், மூடி உடைக்காத பாட்டில் தண்ணீரையே வாங்கிக் குடியுங்கள்.