எழுத்தாளர் கவனத்துக்கு: உரிமைத்தொகையும் வரிப் பிடித்தமும்

உரிமைத்தொகை (ராயல்டி) ஆண்டு வரம்பைத் தாண்டினால் பதிப்பகம் 10 விழுக்காட்டை டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) ஆகப் பிடித்துக்கொண்டே அனுப்பும் என்பதால், கைக்கு வந்ததை மட்டும் எழுதி வைக்காமல், மொத்தத் தொகை, பிடித்தம், வரவு மூன்றையும் தனித்தனியே பதிந்து, உங்கள் பெயரில் பதிவான வரிப் பிடித்தங்களைக் காட்டும் வரித்துறைப் படிவத்தோடு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 26ஏஎஸ்) ஒப்பிட்டுப் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் பிடித்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான்.

இதைவிடப் பெரிய சலுகையொன்று பலருக்குத் தெரியாமலே போவது வருத்தத்துக்குரியது. வருமான வரிச் சட்டம் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80க்யூக்யூபி பிரிவு), இலக்கிய நூல்களின் உரிமைத்தொகைக்கு, வரிக்குரிய வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு தருகிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே இது பொருந்தும். பள்ளிப் பாடநூல்களுக்கும் இதழ்க் கட்டுரைகளுக்கும் கிடையாது. இதற்குரிய சான்றுப் படிவத்தை (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10சிசிடி), நிதியாண்டு முடிந்த கையோடு பதிப்பகத்திடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.