கறுவா இலை வனிலின்: கணக்கு சறுக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் உருவாவதிலிருந்து கழிவாவது வரை சூழலுக்கு ஏற்றும் சுமையைக் கணக்கிடுவது) படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் எக்செல் தாள்களைப் பார்த்தால் என் பழைய தாள்களே திரும்பி வந்த மாதிரி இருக்கும். வனிலா மணம் தரும் வனிலினில் பெரும்பகுதி உலகத்தில் குவையாக்கோல் என்ற பெற்றோலியவழி இரசாயனத்தில் இருந்து வருகிறது. அதற்குப் பதிலாக நம்முடைய கறுவா இலை எண்ணெயின் முக்கியக் கூறான யூஜினோலை வனிலினாக மாற்றினால் சூழலுக்கு நல்லதா? நல்ல கேள்விதான். கூட்டல் பிழைகளை விடுவோம், அவை எப்படியும் பிடிபடும். பிடிபடாமல் போகிறவை இவை.

விறகுக்குப் பூச்சியம்

இலையில் இருந்து எண்ணெய் வடிக்கும் பொயிலரில் எரிப்பது விறகு. அதன் சுமைக்கு 0 போட்டுவிட்டு, "மரம் உறிஞ்சின காபன்தானே சேர், அதுதானே திரும்பப் போகுது" என்பார்கள். என் முதல் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். எண்ணெய் வாங்குபவரின் மதிப்பாய்வாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: பொயிலரைப் போய்ப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியது அது. அப்புறம் மாத்தறைப் பக்கம் போனேன். மழையில் ஊறிய றப்பர் விறகும் பட்டை உரித்த கறுவாத் தடிகளும் எரிந்துகொண்டிருந்தன, இல்லை, புகைந்துகொண்டிருந்தன. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 100 கிலோ இலையை ஆவியில் வேகவைக்க வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகா யூல் அளவில் வெப்பம் தரும். எடையில் பாதி நீராக இருக்கும் பச்சை விறகு 8 தந்தாலே பெரிது. ஆக, விறகு இரண்டு மடங்கு.

சரி, காபனீரொட்சைட்டைப் பூச்சியம் என்றே வைப்போம் (வெட்டிய இடத்தில் மரம் திரும்ப வளர்ந்தால் மட்டும்). அரைகுறையாக எரியும்போது வரும் மெதேன்? 100 ஆண்டுக் காலத்துக்குப் பார்த்தால் அது காபனீரொட்சைட்டைப்போல் 27 மடங்கு சூடேற்றும். புகையின் நுண்துகள்கள் பக்கத்து வீட்டுக்காரரின் நெஞ்சுக்குள் போகின்றன. அதை எந்தக் கட்டத்தில் போட்டோம்? அறிக்கையைத் திருத்த மூன்று மாதம் போனது, ஒரு சதமும் கிடைக்கவில்லை. இன்றும் அந்தக் கட்டத்தில் 0 இருந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இலை சும்மா கிடைக்கிறது

விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்? தோட்டம் சூழலுக்கு ஏற்றும் சுமையில் இலைக்கும் பங்கு உண்டு.

எண்ணெய்க் கிலோவும் வனிலின் கிலோவும்

ஒன்றல்ல. துளியும் வீணாகாவிட்டாலும் ஒரு கிலோ யூஜினோல் 0.93 கிலோ வனிலினைத் தாண்டாது. இலை எண்ணெய் முழுக்க யூஜினோலும் இல்லை.

வடிநீர்

இந்த எண்ணெய் நீரைவிடக் கனம், பாத்திரத்தின் அடியில் தங்கும். மேலே பால்போல் கலங்கிய நீர் வழிந்து கானுக்குள் போகும். அதிலும் யூஜினோல் கரைந்திருக்கிறது; ஆய்வுகூடங்களில் மீன்களை மயக்க யூஜினோலையும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கான் எந்த ஓடையில் விழுகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.